பழைய சூக்கில் மூன்று சுற்று

1

போன திங்கட்கிழமை கணேசன் போன் செய்தான். "அண்ணே, வர்ற வெள்ளிக்கிழமை ஞாபகம் இருக்குல்ல? கடையில சொல்லிட்டீங்களா?" என்றான். சொல்லிவிட்டேன் என்றேன். லாண்டரியில் வேலை பார்ப்பவன் வெள்ளிக்கிழமை மாலை லீவு கேட்பது, கல்யாண வீட்டுச் சமையல்காரர் பந்தி நேரத்தில் லீவு கேட்பது மாதிரி. சனிக்கிழமை டூட்டிக்கு வேண்டிய சட்டையெல்லாம் அன்று மாலைதான் வந்து குவியும். எங்கள் கடை முதலாளி மலப்புறத்துக்காரர். வருடத்தில் அந்த ஒரு மாலைக்கு மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டே விட்டுவிடுவார்.

அன்று கணேசனும் அவன் மனைவி ரேவதியும் நானும் ஷார்ஜாவின் பழைய ஊரைச் சுற்றுவோம். அது அவர்களுடைய கல்யாண நாள் இல்லை. பெண் பார்த்த நாள். இது மூன்றாவது வருடம்.

ஊரில் இருப்பவர்களுக்கு வளைகுடா என்றால் மணலும் துபாயின் உயரமான கட்டடங்களும்தான். லீவில் போகும்போது ஷார்ஜா என்று சொன்னால், கிரிக்கெட் நடக்குமே, அந்த ஊரா என்பார்கள். அந்த ஊர்தான். ஆனால் அங்கே பவளப்பாறைக் கல்லை அடுக்கிக் கட்டிய பழைய வீடுகள் இருக்கின்றன. சுவரை உற்றுப் பார்த்தால் சிப்பியும் சங்கும் அப்படியே பதிந்திருக்கும். நடுத்தெருவில் ஒரு கோட்டை நிற்கிறது, அதன் இரண்டு பக்கமும் பேங்க் கட்டடங்கள். ஓவியங்களுக்கென்றே பெரிய மியூசியம் இருக்கிறது. கப்பல் துறைப் பக்கம் மரக்கப்பல்கள் வரிசையாக நிற்கும், ஃபிரிட்ஜும் டயரும் ஏற்றிக்கொண்டு ஈரானுக்குப் போகும். உலகத்தின் பல மூலைகளிலிருந்து ஓவியக்காரர்கள் இந்த ஊருக்கு வருகிறார்கள். நாங்கள் வேலைக்கு வந்தோம்.

2

நான் ஏழாவதுவரை படித்தவன். அறந்தாங்கிப் பக்கம். ஒரே இடத்தில் இருக்க எனக்கு வராது. முதலில் சவூதியில், தம்மாமில் இரண்டு வருடம், கட்டட வேலை. விசா கொடுத்த அரபி முதலாளி, கஃபீல், நல்ல மனிதர்தான், சம்பளத்தைத்தான் மறந்துவிடுவார். பிறகு புஜைராவில் எண்ணெய்த் தொட்டிகளுக்குள் இறங்கிக் கழுவும் வேலை. தலைசுற்றி இருமுறை வெளியே தூக்கிப் போட்டார்கள். மூன்றாம் முறைக்கு நிற்கவில்லை. அப்புறம் துபாயில், அல் கூஸில் ஒரு வெல்டிங் பட்டறையில் ஹெல்ப்பர். கணேசன் அங்கேதான் பழக்கம். எனக்கு மேல் கட்டில் அவனுடையது. எங்களுக்குள் பத்து வயது வித்தியாசம். கடைசியாக ஷார்ஜாவில் ரோலா பக்கம் இந்த லாண்டரி. சைக்கிளில் போய்த் துணி எடுத்து வந்து, இஸ்திரி போட்டதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், வேலை குவிந்தால் நானும் இஸ்திரி போட வேண்டும். எப்படியோ இதில் நிலைத்துவிட்டேன். ஊரைச் சுற்றுவதற்கே சம்பளம் கொடுப்பதால் இருக்கலாம்.

எங்கள் ரூமில் எட்டுப் பேர். வெள்ளிக்கிழமை காலையில் ஏழு பேரும் போர்த்திக்கொண்டு தூங்குவார்கள். எனக்குப் படுத்திருக்க முடியாது. ரூமில் விளக்குப் போட்டால் திட்டுவார்கள். அதனால் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிடுவேன். ரோலா சதுக்கம், அங்கிருந்து பேங்க் தெரு, கோட்டை, மேற்கே திரும்பினால் பழைய வீடுகள், பனை ஓலைக் கூரை போட்ட பழைய கடைவீதியான சூக், கிழக்கே மியூசியம், அப்படியே மீன் மார்க்கெட், பறவைச் சந்தை, மரக்கப்பல் துறை. ஜும்மா தொழுகைக்கு பாங்கு சொல்லும் நேரத்தில் ரூமுக்குத் திரும்பிவிடுவேன்.

வருடக்கணக்காக இப்படி நடந்தேன். நடந்துவிட்டு வந்து ரூமில் கதை சொல்வேன். மியூசியம் பக்கம் போனேன், வீட்டுக்குள் காற்று இறங்கக் கட்டிய வட்டமான காற்றுக் கோபுரத்தைப் பார்த்தேன் என்று. ஊரிலிருந்து புதிதாக யார் வந்தாலும் "சேது அண்ணனைக் கேளு, ஷார்ஜா முழுக்க அவருக்கு அத்துபடி" என்பார்கள். நானும் இல்லையென்று சொன்னதில்லை. உண்மையிலேயே அத்துபடி என்றுதான் நினைத்திருந்தேன்.

என் மகன் ஊரில் பத்தாவது படித்துக்கொண்டிருந்தான். போனில் அவனுக்கும் இதையெல்லாம் சொல்வேன். "ம்" என்பான். கொஞ்சம் கழித்து இன்னொரு "ம்". கார்டில் காசு இருக்கும், பேச்சு தீர்ந்திருக்கும். பிறகு அவன் அம்மாவிடம் கொடுத்துவிடுவான். அவன் சின்னப் பையனாக இருந்தபோது நான் புஜைராவில் இருந்தேன். அப்போது பேச அவனுக்கு நிறைய இருந்தது, எனக்குக் கார்டு வாங்கக் காசு இல்லை.

3

துபாயில் மெட்ரோவுக்குத் தூண்கள் நட்டுக்கொண்டிருந்த காலம். ஒருநாள் கணேசன் வந்தான். அவன் முகத்தைப் பார்த்தே ஏதோ என்று தெரிந்தது. அல் கூஸ் பட்டறையை மூடப்போகிறார்கள், ஆட்களையெல்லாம் தம்மாமில் இருக்கும் கிளைக்கு அனுப்புகிறார்கள், போக இஷ்டமில்லாதவர்களுக்கு விசா கேன்சல். சனிக்கிழமை காலை ஆபீசில் பதில் சொல்ல வேண்டும்.

சாதாரணமாக என்றால் அவன் யோசிக்காமல் தம்மாம் போயிருப்பான். யோசிக்க வைத்தது ரேவதி. அவளை அவன் பார்த்ததுகூட இல்லை. மயிலாடுதுறைப் பக்கத்துப் பெண், ஷார்ஜாவில் ஒரு கிளினிக்கில் நர்ஸ். தம்பியைப் படிக்க வைத்துவிட்டுத்தான் கல்யாணம் என்றிருந்ததில் முப்பது தாண்டிவிட்டது. கணேசனுக்கு முப்பத்தாறு. ஊரில் இரண்டு இடம் கூடி வந்தது, இரண்டையும் இவனே வேண்டாம் என்றுவிட்டான். "கட்டிக்கிட்டு ஊர்ல விட்டுட்டு வந்து, இங்க நான் பேச்சிலர் ரூம்ல படுத்துக் கெடக்குறதுக்கு எதுக்குண்ணே கல்யாணம்?" என்பான். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறான் என்று தெரியும். கோபப்பட ஒன்றும் இல்லை. எனக்குக் கல்யாணமாகிப் பதினேழு வருடம், அதில் மனைவியோடு இருந்ததைக் கூட்டினால் இரண்டு வருடம் தேறாது.

ஊரில் ஜாதகம் பார்த்தாகிவிட்டது. இரண்டு வீட்டிலும் சம்மதம். பாக்கி, இவர்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்ப்பது மட்டும்தான். ரேவதிக்குப் பிடித்திருந்தால் கணேசன் தம்மாமுக்குப் போகாமல், கேன்சல் ஆகி, வேறு விசா தேடிக்கொண்டு இங்கேயே இருப்பான். பிடிக்கவில்லை என்றால் சனிக்கிழமை தம்மாம். அவனுக்கு அந்த ஒரு வெள்ளிக்கிழமைதான் இருந்தது.

பெண் பார்ப்பதை எங்கே வைத்துக்கொள்வது? ரேவதியின் அக்கா வசந்தியும் அவள் கணவர் பாலுவும் ரோலாவில் ஒரு ஃபிளாட்டில் இருந்தார்கள். ஃபிளாட் என்றால் முழுதும் இல்லை. ஒரு ஃபிளாட்டைப் பலகை அடித்து நான்காகப் பிரித்து, நான்கு குடும்பம். அவர்கள் பங்குக்கு ஒரு கட்டிலும் ஒரு பீரோவும் கொள்ளும். அந்தப் பக்கம் யாராவது தும்மினால் இந்தப் பக்கம் சொல்லும் வார்த்தை நின்றுபோகும். அந்த இடத்தில் மாப்பிள்ளையை எங்கே உட்கார வைப்பது? ரெஸ்டாரண்டில் குடும்ப அறை இருக்கிறது, ஆனால் எதிரெதிரே உட்கார்ந்து பிரியாணியைப் பார்த்துக்கொண்டிருக்கத் தனக்கு முடியாது என்று ரேவதி சொல்லிவிட்டாளாம். நடந்துகொண்டே பேசலாம், பழைய ஊர்ப் பக்கம் போகலாம் என்றிருக்கிறாள். இரண்டு பேரும் தனியாகச் சுற்ற முடியாது. ஷார்ஜாவில் அதற்கெல்லாம் கண்டிப்பு அதிகம், போலீஸ் நிறுத்திக் கேட்டால் சொல்ல உறவுமுறை வேண்டும். அக்கா குடும்பம் கூட வரும். கூட்டிக்கொண்டு போக இடம் தெரிந்த ஆள் ஒருவர் வேண்டும்.

கணேசன் என்னைப் பார்த்தான். காலையில் போகலாமா என்றேன். காலையில் ரேவதிக்கு டூட்டி. நாலு மணிக்கு மேல்தான். சரி, நாலு மணி, கடையில் லீவு சொல்லிக்கொள்கிறேன், எனக்கென்ன என்றேன்.

4

முதலில் மியூசியம். வெள்ளிக்கிழமை காலைகளில் அந்தக் கட்டடத்தைச் சுற்றி நான் எத்தனையோ முறை நடந்திருக்கிறேன். அதன் வாசல் படியில் உட்கார்ந்து ரொட்டி சாப்பிட்டிருக்கிறேன். கதவு திறந்திருந்து அன்றுதான் பார்த்தேன். உள்ளே போனதும் ஏசிக் குளிர் முகத்தில் அடித்தது. இரண்டு பக்கமும் நீளமான தாழ்வாரம், அதில் வரிசையாக அறைகள், எல்லாம் ஒரே மாதிரி.

ரேவதி என்னிடம் வந்து, "அண்ணா, பழைய அரபு ஊரையெல்லாம் வரைஞ்ச படம் இருக்காமே, எந்தப் பக்கம்?" என்று கேட்டாள். கிளினிக்கில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். நான் கொஞ்சமும் தயங்காமல் மாடியைக் காட்டினேன். ஏன் காட்டினேன் என்றால், கேட்டால் ஏதாவது ஒரு திசையைக் காட்டிப் பழக்கமாகிவிட்டது. எல்லோரும் ஏறினோம். மேலே ஒரு கதவு. பின்னாலேயே வந்த காவலாளி, பெஷாவர்க்காரர், "பாய், உதர் ஆபீஸ் ஹை" என்று சொல்லிக் கீழே கையைக் காட்டினார், மேலே இருப்பது ஆபீஸாம். "போன மாசம் இங்கதான் இருந்துச்சு" என்றேன். எல்லோரும் வரிசையாகக் கீழே இறங்கினோம்.

படங்கள் நன்றாகவே இருந்தன. ஒட்டகம், பள்ளிவாசல், கிணற்றடிப் பெண்கள். கணேசன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்து இன்ஸ்பெக்டர் மாதிரி ஒவ்வொன்றின் முன்னாலும் நின்றான். அவன் சட்டை நான் இஸ்திரி போட்டது, கஞ்சி கொஞ்சம் அதிகம். ரேவதி அவனிடமிருந்து இரண்டு படம் தள்ளி நின்றாள். பாலு போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். வசந்தியின் மகளுக்கு ஏழு வயது. இங்கேயே பிறந்த பிள்ளை. தமிழ் புரியும், பதில் இங்கிலீஷில்தான் வரும். அவள் அம்மாவிடம் இங்கிலீஷில் ஏதோ கேட்க, வசந்தி "சும்மா இரு" என்றாள். பிறகு என்னிடம், "சித்தி ஏன் அந்த அங்கிளோட பேசாம படத்தையே பாத்துக்கிட்டு இருக்காங்கன்னு கேக்குறா" என்றாள்.

எனக்கும் அதே கவலைதான். அரைமணி நேரம் போனது. கடைசியில் கணேசன் வாய் திறந்தான். "படமெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஒக்காரத்தான் எடமே இல்ல."

ரேவதி திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். காலையிலிருந்து நின்றபடி டூட்டி பார்த்துவிட்டு வந்தவள். அவ்வளவுதான் பேச்சு. அதற்குள் வசந்தி சூக்குக்குப் போகலாம் என்று கிளம்பிவிட்டாள்.

5

பழைய சூக் என் சொந்த வீடு மாதிரி என்று நினைத்திருந்தேன். குறுகிய சந்துகள், மேலே ஓலைக்கூரை, இரண்டு பக்கமும் மரக்கதவுகள். வெள்ளிக்கிழமை காலையில் ஓர் ஆள் இருக்காது. எனக்கு வழி சொல்வது கதவுகள்தான். வளையம் உடைந்த கதவில் இடது பக்கம். நீலப் பூட்டுத் தொங்கும் கதவில் வலது பக்கம். கீழே பூனை படுக்கும் பாதிப் பலகைக் கதவு வந்தால் நேரே போனால் கப்பல் துறை. கண்ணை மூடிக்கொண்டும் போவேன்.

சாயங்காலம் உள்ளே நுழைந்ததும் கால் நின்றுவிட்டது. கதவுகளே இல்லை. எல்லாக் கதவுகளும் உள்பக்கமாகத் திறந்து சுவரோடு ஒட்டிக்கிடந்தன. கதவு இருந்த இடத்திலெல்லாம் சரக்கு. பித்தளைக் காபிக் கூஜா, வெள்ளிக் குத்துவாள், கம்பளம், மணிமாலை, விளக்கு, அத்தர். எங்கே பார்த்தாலும் வெளிச்சம், ஆட்கள், தூபம். உடைந்த வளையமும் நீலப் பூட்டும் எங்கே போய்ச் சேர்ந்தன என்று தெரியவில்லை. பூனையையும் காணோம். அந்த ஊரை நான் பூட்டிய நிலையில்தான் பார்த்திருக்கிறேன் என்பது அப்போதுதான் மண்டையில் ஏறியது. வெள்ளிக்கிழமை மாலை என்றால் எனக்கு இஸ்திரிப் பெட்டி.

பின்னால் ஐந்து பேர் வருகிறார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் என்று இருப்பதே நான் ஒருவன்தான். தெரியாது என்று சொன்னால் மாப்பிள்ளைக்குத்தான் கேவலம் என்று எனக்குத் தோன்றியது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். இது காபிக் கடை, இது பழைய சாமான் கடை என்று கண்ணில் பட்டதையெல்லாம் கையைக் காட்டிச் சொன்னேன். போர்டு இல்லாவிட்டாலும் யாருக்கும் தெரியக்கூடியவை அவை.

வசந்தி ஒரு வளையல் கடையில் நின்றுவிட்டாள். பாலுவும் மகளும் அவளோடு. அவர்கள் கண் பார்வையில் இருக்கும்படி மெதுவாகப் போய்க்கொண்டிருங்கள் என்றாள். நான் முன்னால், அந்த இருவரும் நாலடி பின்னால். ஒரு திருப்பத்தில் வாசலில் பெரிய கூஜா வைத்த கடை ஒன்று வந்தது. கடைக்காரர் தாடி வைத்த ஈரானியர், எங்களைப் பார்த்துத் தலையசைத்தார். இடது பக்கம் போனேன், வலது பக்கம் போனேன், கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அதே கூஜா. ஈரானியர் மறுபடியும் தலையசைத்தார். வளையல் கடையைத் தாண்டினோம், வசந்தி இன்னும் விலை பேசிக்கொண்டிருந்தாள். கப்பல் துறைக்குப் போகும் சந்து எங்கேயோ பக்கத்தில்தான் இருக்கிறது, காற்றில் உப்பு வாடை வருகிறது, ஆனால் வாசல் மட்டும் தென்படவில்லை. எனக்கு வேர்த்துவிட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் வழி கேட்பார்கள் என்று பயம். பின்னால் பேச்சுச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. முதலில் கணேசன் குரல், பிறகு ரேவதி குரல், நடுவில் சிரிப்பு. என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள், காரியம் கெட்டது என்று நினைத்தேன்.

மூன்றாம் முறை கூஜா வந்தது. ஈரானியர் எழுந்தே வந்துவிட்டார். "யா ஹபீபி, காவா?" என்று ஒரு குட்டிக் கிண்ணத்தில் காபி ஊற்றிக் கொடுத்தார். குடித்தேன். குனிந்து அவர் காதருகே, கடல் எந்தப் பக்கம் என்று அரைகுறை ஹிந்தியில் கேட்டேன். அவர் தன் கடைக்கு நேரெதிரே இருந்த சந்து ஒன்றைக் காட்டினார். அதன் வாய் நிறையக் கம்பளம் தொங்கிக்கொண்டிருந்தது. அதை விலக்கிக்கொண்டு வெளியே வந்தால், எதிரே மரக்கப்பல்கள்.

6

துறையோரக் கட்டையில் எல்லோரும் உட்கார்ந்தோம். ஒரு கடையிலிருந்து பால் இல்லாத சுலைமானி டீ வாங்கி வந்தேன். பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. கப்பலில் ஆட்கள் சாக்கு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வசந்தி வளையல் போட்ட கையை மகளுக்குக் காட்டினாள். பாலு தொண்டையைச் செருமிக்கொண்டு, வீட்டுக்குப் போய்க் கலந்து பேசிவிட்டு ராத்திரிக்குள் சொல்லிவிடுகிறோம் என்றார். அது முறைப்படி சொல்வது. கணேசன் தலையாட்டிவிட்டு எழுந்து போய்க் கப்பலைப் பார்க்கும் ஆள் மாதிரி நின்றுகொண்டான். அவன் கிளாஸில் டீ அப்படியே இருந்தது. அந்தத் துறையில் அவனுக்குப் பார்க்க ஒன்றும் இல்லை. மறுநாள் காலை எட்டு மணிக்கு அவன் சொல்லப்போகும் பதில் அவன் கையில் இல்லாமல், இந்தக் கட்டையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தது.

ரேவதி கிளாஸைத் திருப்பிக் கொடுக்க என்னிடம் வந்தாள். குரலைத் தாழ்த்தி, "அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க. உள்ள உங்களுக்கு வழி தெரியலதானே?" என்றாள்.

அதற்கு மேல் மறைக்க என்ன இருக்கிறது? இந்தக் கடையெல்லாம் திறந்து நான் பார்த்ததே இல்லம்மா என்றேன்.

"மொத சுத்துலயே அவரு கண்டுபிடிச்சுட்டாரு. 'அண்ணனுக்கு வழி தப்பிருச்சு. கேட்டா சங்கடப்படுவாரு. நாம பாட்டுக்குப் பேசிக்கிட்டே போவோம், எப்பிடியும் கடல் வந்துரும்'னாரு. ரெண்டாவது சுத்துல நானே கேட்டேன், சொல்லிரலாமா, பாவம்னு. வேணாம், இன்னொரு சுத்துப் போவட்டும்னாரு" என்று சொல்லிச் சிரித்தாள்.

நானும் சிரித்தேன். என்ன பேசினீர்கள் என்று கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள். தம்மாம் விஷயத்தை அவன் மறைக்கவில்லை. கேன்சல் ஆனால் வேறு வேலையில் சேர ஆறு மாதம் தடை விழலாம், கையில் வேலை இருக்காது, அவள் சம்பளத்தில்தான் கொஞ்ச நாள் ஓட வேண்டியிருக்கும், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன் என்றானாம். இதற்கு முன்னால் அவளைப் பார்க்க வந்த இருவரும் தங்கள் சம்பளத்தைக் கூட்டிச் சொன்னவர்கள்.

பிறகு அவள் கப்பல் பக்கம் பார்த்தாள். கணேசன் முதுகைக் காட்டிக்கொண்டு அப்படியே நின்றான். சட்டையின் கஞ்சி இறங்கி முதுகு கசங்கியிருந்தது.

"அவருகிட்ட நீங்களே சொல்லிருங்கண்ணா" என்றாள். "தம்மாம் போவ வேணாம்னு."

7

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் இங்கே யாருக்கும் நடப்பதுதான். வேறு வேலைக்குப் போக ஆட்சேபணை இல்லை என்ற என்ஓசியைக் கொடுக்கக் கம்பெனி இழுத்தடித்தது. விசா மாற்ற நாட்டைவிட்டு வெளியேறியாக வேண்டும் என்பதால் அவன் ஈரானின் கிஷ் தீவுக்குப் போய், ஒரு கட்டிலில் இரண்டு பேராக வாரக்கணக்கில் காத்துக் கிடந்தான். ரேவதி பணம் அனுப்பினாள். இன்டஸ்ட்ரியல் ஏரியாவில் இரும்புக் கேட் செய்யும் பட்டறையில் வேலை கிடைத்தது. பத்து நாள் லீவில் ஊருக்குப் போய்க் கல்யாணம் முடித்து வந்தார்கள். இப்போது அதே ரோலா ஃபிளாட்டில், வசந்தியின் பலகைக்கு அடுத்த பலகை அவர்களுடையது. கட்டிலும் பீரோவும் கொள்கிறது. போன வருடம் ஒரு தொட்டிலும் கொண்டது.

அந்தப் பெஷாவர்க் காவலாளி இன்னும் மியூசியத்தில்தான் இருக்கிறார். என்னைப் பார்த்தால் மாடியைக் காட்டிச் சிரிக்கிறார். பழைய ஊரைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று, முதலாளியிடம் கெஞ்சி வார நாளில் சில மாலைகள் போனேன். இப்போது பூட்டியிருந்தாலும் திறந்திருந்தாலும் எனக்கு வழி தெரியும். கம்பளம் தொங்கும் சந்து நுழைந்ததும் இரண்டாவது திருப்பத்தில் இருக்கிறது. நேரே போனால் கடல் வந்துவிடும்.

கணேசன் போனில் சொன்னபடி வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு வந்தார்கள். கணேசன் பிள்ளையைத் தோளில் போட்டிருந்தான். "முன்னாடி போங்கண்ணே" என்றான். நான் முன்னால் நடந்தேன். இரண்டாவது திருப்பம் வந்தது. கம்பளம் தெரிந்தது, உப்பு வாடையும் வந்தது. பின்னால் அவர்கள் ஏதோ பேசிக்கொண்டு வந்தார்கள். நான் இடது பக்கம் திரும்பினேன். ஈரானியர் கூஜாவைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு, மூன்றாவது சுற்றுக்காகக் காத்திருந்தார்.